ஞாயிற்றுக்கிழமை தத்துவ வகுப்பு

தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில், மேற்குப் பக்கம் இறங்கும் படிக்கட்டை ஒட்டி, மூட்டுவலி வைத்திய விளம்பரத்துக்கும் 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்பதற்கும் நடுவில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. 'தத்துவம்: ஓர் அறிமுகம். ஞாயிறு மாலை. யாரும் வரலாம்.' கீழே ஒரு போன் நம்பரும் டியூஷன் சென்டர் ஒன்றின் விலாசமும். ஆரோன் அதை மூன்று நான்கு நாள் பார்த்துவிட்டுத்தான் நின்று படித்தான்.

ஆரோன் மின்சார ரயில் ஓட்டுகிறவன். சென்னை பீச்சிலிருந்து செங்கல்பட்டு, செங்கல்பட்டிலிருந்து பீச். பாதி வாழ்நாள் அந்த ஒரே பாதையில் போயிருந்தது. தண்டவாளத்தில் ஆள் அடிபடுவது அந்த வேலையில் எல்லோருக்கும் நேர்வது. அவனுக்கும் நேர்ந்திருக்கிறது. ஒருமுறை காதில் போன் வைத்துக்கொண்டு குறுக்கே வந்த ஒருவன், இன்னொருமுறை பல்லாவரத்துக்கு அருகே பனியில் யாரென்றே தெரியாத ஒருவர். அந்த ராத்திரிகளில் தூக்கம் வராது. அப்புறம் வரும். வண்டி ஓடியாக வேண்டுமே.

இந்த முறை அப்படி ஆகவில்லை. கூடுவாஞ்சேரி தாண்டி ஊரப்பாக்கத்துக்கு முன்னால் நேரான பாதை. நல்ல வெயில். தூரத்திலேயே அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டான். கடக்கிறாள் என்று நினைத்து ஹாரன் அடித்தான். அவள் நின்றாள். விடாமல் அடித்துக்கொண்டே அவசர பிரேக்கைப் போட்டான். பன்னிரண்டு பெட்டி வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். பயந்த முகம் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வருகிற பஸ்ஸின் நம்பரைப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. நகரவில்லை. அவ்வளவுதான்.

ரயில்வே போலீஸ் 'தண்டவாளத்தைக் கடக்கும்போது' என்று எழுதிக்கொண்டார்கள். பெயர் ஜாஸ்மின், ஊரப்பாக்கம், கல்யாணம் ஆகாதவள், தாம்பரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள் என்று வண்டியின் கடைசிப் பெட்டியில் வரும் கார்டு ஜெரோம் மறுநாள் சொன்னான். ஆரோனுக்கு மூன்று நாள் ஓய்வு கொடுத்தார்கள். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். "எல்லாம் கர்த்தருடைய சித்தம், பிரதர்" என்று போதகர் தலையில் கை வைத்து ஜெபித்தார். "ஒரு கட்டிங் போட்டுட்டுத் தூங்கு மச்சான், எல்லாருக்கும் நடக்குறதுதானே" என்றான் ஜெரோம். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஆரோனுக்குள் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் கொன்றேனா? வண்டியின் கைப்பிடி என் கையில் இருந்தது. பிரேக் என் கையில் இருந்தது. அப்படியிருந்தும் அவள் என் வண்டியில் செத்தாள். இதற்கு என்ன பெயர்? இதைப் போதகரிடம் கேட்டால் ஜெபிக்கிறார். ஜெரோமிடம் கேட்டால் தோளைத் தட்டுகிறான்.

அதனால்தான் ஒரு ஞாயிறு மாலை அந்த டியூஷன் சென்டரின் மாடிப்படி ஏறினான்.

பத்துப் பேர்கூட இல்லை. மேடவாக்கத்திலிருந்து வரும் ஐ.டி. கம்பெனிப் பையன்கள் இரண்டு பேர், ஒரு கல்லூரி மாணவி, வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஸ்ரீரங்கன், இன்னும் சிலர். குட்டிப் பெஞ்சுகளில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். பாடம் எடுத்தவள் தீபலட்சுமி. முப்பத்தைந்து வயது இருக்கும். வாரநாட்களில் ஏதோ ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். அங்கே தத்துவத் துறையை மூடப்போகிறார்கள் என்றும், வெறும் சுவரிடமாவது பேச வேண்டும்போல் இருந்ததால் இந்த வகுப்பை ஆரம்பித்ததாகவும் முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அன்றைக்கு சாக்ரடீஸ். சந்தையில் நின்று பெரிய மனிதர்களை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவர். கேள்வி கேட்டதற்காகவே விஷம் குடிக்க வேண்டி வந்தவர். "அவர் யாருக்கும் பதில் சொல்லிக் குடுக்கல. நமக்குத் தெரியும்னு நாம நெனச்சிக்கிட்டு இருக்கிறது நெஜமாவே தெரியுமான்னு மட்டும் கேட்டாரு" என்றாள். ஆரோனுக்கு அது பிடித்திருந்தது. 'கவலைப்படாதே' என்று சொல்லாத ஓர் இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று தோன்றியது.

அடுத்த வாரமும் போனான். அதற்கடுத்த வாரமும். கண்ணுக்குத் தெரிகிற இந்த உலகம்தான் உண்டு, உடம்பு எரிந்ததும் எல்லாம் தீர்ந்தது என்ற உலகாயதர்களைப் பற்றிக் கேட்டான். துக்கத்துக்குக் காரணம் உண்டு, அந்தக் காரணத்தை அறுக்க முடியும் என்ற புத்தரைக் கேட்டான். 'உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார். இல்லாததற்காக அழாதே' என்று சொன்ன கிரேக்கர்களைக் கேட்டான். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வருகையில் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். கைப்பிடி அவன் கையில் இருந்தது. வண்டி இல்லை. எந்தப் பக்கம் பிரிப்பது?

ஆசீவகர்களைப் பற்றிய வகுப்புதான் அவனைக் கொஞ்சம் ஆற்றியது. புத்தர் காலத்தில் மக்கலி என்றொருவர் இருந்தாராம். மனிதனின் முயற்சி என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் நியதி. வீசி எறிந்த நூற்கண்டு நூல் தீரும்வரை உருளும், அப்புறம் நிற்கும் என்றாராம். "நம்ம பக்கத்துலயும் இவங்க ரொம்ப நாள் இருந்திருக்காங்க. அப்புறம் ஒருத்தரும் இல்லாமப் போயிட்டாங்க" என்றாள் தீபலட்சுமி. அதுவும் நியதிதானோ என்று ஸ்ரீரங்கன் கேட்க எல்லோரும் சிரித்தார்கள்.

ஆரோன் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான். நூற்கண்டு. அவள் அங்கே வந்து நிற்க வேண்டும் என்பது நியதி, அன்றைக்கு அந்த வண்டியை ஓட்டும் முறை அவனுக்கு வர வேண்டும் என்பதும் நியதி. இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டான். அவன் மனைவி ஜெனிகூட, "வகுப்புக்குப் போறது நல்லதாத்தான் இருக்கு போல" என்றாள். மூன்றாம் நாள் காலை கூடுவாஞ்சேரி தாண்டும்போது அந்த முகம் மறுபடி வந்தது. நூற்கண்டு அப்படிப் பார்க்காது. அவள் முடிவு செய்தவளாகப் பார்த்தாள். ஒருத்தி முடிவு செய்ய முடியும் என்றால் நியதி எங்கே இருக்கிறது?

நல்லது கெட்டது பற்றிய பாடம் அதற்குப் பிறகு தொடங்கியது. தீபலட்சுமி வெள்ளைப் பலகையில் ஒரு தண்டவாளம் வரைந்தாள். அது இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் ஐந்து பொம்மை மனிதர்கள், மறுபக்கம் ஒரே ஒருவர்.

"ஒரு ரயில் வருது. பிரேக் பிடிக்கல. நேரா போனா அஞ்சு பேர் சாவாங்க. திருப்பினா ஒருத்தர். நீங்கதான் டிரைவர்னு வெச்சுக்குவோம். என்ன பண்ணுவீங்க?"

"திருப்பிடுவேன், சந்தேகமென்ன!" என்றார் ஸ்ரீரங்கன். ஐ.டி. பையன்களில் ஒருவன், அந்த ஒருத்தர் தன் மேனேஜராக இருந்தால் இரண்டு தரம் திருப்புவேன் என்றான். சிரிப்பு. கை தூக்கச் சொல்லி எண்ணினாள்.

ஆரோன் கை தூக்கவில்லை. "மேடம், ஹாரன் அடிக்கலாமா?" என்று கேட்டான்.

மறுபடி சிரிப்பு. தீபலட்சுமியும் சிரித்தாள். "இல்ல சார், ஹாரன் வேலை செய்யலன்னு வெச்சுக்குவோம்."

"வேலை செய்யுது. அடிக்கிறோம். அவங்களுக்குக் கேக்குது. அப்பவும் நகரலன்னா?"

"அவங்களைக் கட்டிப் போட்டிருக்காங்க சார். அதனால நகர முடியாது."

"கட்டிப் போடலயே மேடம்" என்றான் ஆரோன். குரல் உடைந்தது. எல்லோரும் திரும்பிப் பார்க்கவே, எழுந்து படியிறங்கிப் போய்விட்டான்.

கீழே டீக்கடையில் நின்றிருந்தபோது தீபலட்சுமி ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவன் என்ன வேலை செய்கிறான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். முகம் வெளுத்திருந்தது. "சார், எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. அது சும்மா ஒரு கற்பனைக் கணக்கு..."

"நீங்க என்ன பண்ணுவீங்க மேடம். பரவால்ல" என்றான். பிறகு, யாரிடமும் முழுதாகச் சொல்லாததை அவளிடம் சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். டீ ஆறிப் போனது.

"வீட்ல ஜெனிகிட்ட மட்டும் பாதி சொன்னேன். அந்தப் பொண்ணு திரும்பிப் பாத்ததைச் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல."

"அந்தப் பொண்ணு யாரு, ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"பேரு தெரியும். ஊரப்பாக்கம்னு தெரியும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தெரியாத ஒண்ணைப் பத்தித்தான் நீங்க உங்களையே கேட்டுக்கிட்டு இருக்கீங்க. அவங்க வீட்டுக்குப் போய்ப் பாத்தா என்ன? உங்களுக்கும் அவங்களுக்கும் நல்லதா இருக்கலாம்." நல்ல மனதோடுதான் சொன்னாள்.

ஜெனிக்கு அது துளியும் பிடிக்கவில்லை. அவள் பள்ளிக்கூட ஆசிரியை. எதையும் இரண்டு பக்கமும் பார்த்துப் பேசுகிறவள். "போகாதீங்க. அவங்க இருக்கிற நிலைமையில உங்களை என்ன சொல்வாங்களோ. யூனியன்லயும் போகக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்காங்க? நாம வீட்டுல இருந்தே ஜெபம் பண்ணலாம்." ஆரோன் அடுத்த ஓய்வு நாளில் கிளம்பிவிட்டான்.

ஊரப்பாக்கத்தில் விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தான். தண்டவாளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்து, அதன் கடைசியில் சிமென்ட் ஷீட் போட்ட மாடி வீடு. முன்னறையில் ஜாஸ்மினின் படம், அதற்கு மாலை, சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. பக்கத்தில் மாதா படம். ஜாஸ்மினின் அம்மா செல்லம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு சார்? இன்னா வேணும்?"

அவன் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "அந்த வண்டியை ஓட்டிட்டு வந்தவன்மா நான்" என்றான்.

செல்லம்மா முறத்தைக் கீழே வைத்தாள். வெகுநேரம் அவனைப் பார்த்தாள். திட்டுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து போட்டாள்.

"குந்து."

உட்கார்ந்தான். அவள் தரையிலேயே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் உன்னாண்ட. எத்தினி நாளா யாராண்ட கேக்கறதுன்னு தெரியாம குந்திகினுகீறேன். போலீஸ்காரன் சொல்ல மாட்டேன்றான். நீயே வந்துட்ட." அவள் மூச்சு விட்டுக்கொண்டாள். "ஆரன் அடிச்சியா?"

ஆரோன் வாய் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "எம் பொண்ணுக்குப் பாம்புக் காது சார். சந்துமுனையில அவ தம்பி செருப்புச் சத்தம் கேட்டா, சாலமன் வந்துட்டான், சோறு போடும்மான்னுவா. ஆரன் சத்தம் கேட்டிருந்தா நவுந்திருப்பா. எங்க வூடே தண்டவாளத்தாண்டதான் கீது. பொறந்ததுலேர்ந்து வண்டி பாத்து வளந்தவ. அக்கம்பக்கத்துல என்னென்னமோ பேசறாங்க. வேணும்னே நின்னாளாம். நாக்கு அழுவிடும் அவங்களுக்கு. முந்தின நாள்கூட என்னாண்ட சிரிச்சிப் பேசிகினுதான் இருந்தா. கிறிஸ்மஸ்க்குப் பச்சைக் கலர்ல பொடவை வாங்கித் தரேன்னா. சாவப் போறவ அப்படிப் பேசுவாளா? நீ சொல்லு. ஆரன் அடிச்சியா, இல்லியா?"

அவன் அந்த முகத்தைப் பார்த்தான். கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்ட முகம் அது. அடிக்கவில்லை என்று அவன் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. அடித்தேன் என்றால் என்ன ஆகும் என்பது அவனுக்கு அந்தக் கணத்தில் துலக்கமாகத் தெரிந்தது. அவளுடைய மகள் இரண்டாம் முறை சாவாள், இந்தத் தடவை தானாகவே. அடிக்கவில்லை என்றால் செத்தவள் தண்டவாளத்தைக் கடக்கப்போன பெண்ணாக, பச்சைச் சேலை வாங்கித் தரவிருந்த பெண்ணாக இருப்பாள். ஒரே ஒரு பாவி இருப்பான். அவன்தான் ஏற்கெனவே இருக்கிறானே.

"இல்லம்மா" என்றான் ஆரோன். "அடிக்கல. கவனிக்காம விட்டுட்டேன்."

செல்லம்மா கண்ணை மூடிக்கொண்டாள். முகத்திலிருந்த இறுக்கம் எங்கேயோ போயிற்று. அப்புறம்தான் அழுதாள். மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "பாவி! பாவி! ஒரு ஆரன் அடிக்க முடியலியாடா உனக்கு? எம் பொண்ண கொன்னுட்டு வந்து குந்திகினு கீறியேடா! போ! எழுந்து போ!"

அவன் எழுந்தான். வாசலில் ஜாஸ்மினின் தம்பி சாலமன் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கையில் போன். பேச்சை அதில் பதிந்துகொண்டிருந்தான் என்பது ஆரோனுக்கு அப்போது தோன்றவில்லை.

சந்திலிருந்து ரோட்டுக்கு வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு ஒருவழியாக ஒரு பதில் கிடைத்துவிட்டது. பொய்தான், ஆனாலும் பதில். அன்று இரவு அவன் நன்றாகத் தூங்கினான்.

அந்த வாரம் வகுப்பில் பாடம் பொய் பற்றியதாகவே அமைந்தது. ஒரு சாரார், பொய் எப்போதுமே தப்பு, அது ஓர் உயிரைக் காப்பாற்றினாலும் தப்பு என்கிறார்கள் என்றாள் தீபலட்சுமி. பொய் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் வாழ்க்கையை அவருக்குத் தெரியாமல் நாம் நடத்துகிறோம் என்பது அவர்கள் கட்சி. இன்னொரு சாரார், விளைகிற நன்மை தீமையைத் தட்டில் வைத்து எடைபோடு என்கிறார்கள். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனதும் ஆரோன் ஊரப்பாக்கத்தில் நடந்ததைச் சொன்னான். அவள் மார்க்கர் பேனாவை மூடிக்கொண்டே நின்றாள்.

"நான் தராசுக்காரங்க கட்சி மேடம்" என்றான். சொல்லிச் சிரித்தான்கூட.

"தராசுல எல்லாத்தையும் இன்னும் வெச்சு முடிக்கல சார்" என்றாள் அவள், சிரிக்காமல்.

அவள் சொன்னது சரியாகப் போயிற்று. சாலமன் போன் பதிவோடு ரயில்வேயில் புகார் கொடுத்துவிட்டான். ஓட்டுநரே ஒப்புக்கொண்டிருக்கிறார், ஹாரன் அடிக்கவில்லை என்று. ஆரோனை வண்டியிலிருந்து இறக்கி, விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். யூனியன்காரர்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள். ஜெரோம், "நான் பின்னாடி பெட்டியில இருந்து கேட்டேன்டா, காது கிழியற மாதிரி அடிச்ச! உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா?" என்று சண்டை போட்டான்.

ஜெனி கத்தவில்லை. சமையலறையில் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றபடி கேட்டாள். "அந்தம்மாவுக்காகச் செஞ்சீங்களா, உங்களுக்காகச் செஞ்சீங்களா?"

அவன் தண்ணீர்ச் சொம்பை எடுத்து, குடிக்காமலே திரும்ப வைத்தான்.

"விசாரணையில என்ன சொல்லப் போறீங்க?"

"அடிக்கலன்னுதான்."

"யாராவது நம்புவாங்களா?"

"நம்பினா போதும்ல. அந்தம்மா மட்டும் நம்பினா போதும்."

ஜெனி திரும்பினாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. "நம்ம வாழ்க்கையைத் தூக்கி அவங்க கையில குடுத்துட்டு வந்திருக்கீங்க. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்." அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

விசாரணை ஓர் அலுவலக அறையில் நடந்தது. நீள மேஜை, சத்தம் போடும் மின்விசிறி. விசாரணை அதிகாரி நிதானமானவர், யாரையும் அதட்டாதவர். புகார் கொடுத்தவர்கள் என்பதால் சாலமனையும் செல்லம்மாவையும் வரச் சொல்லியிருந்தார். செல்லம்மா வெளுத்த சேலையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆரோனையே முறைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் உயிர் இருந்தது. அன்று நாற்காலி போட்டவளைவிட இவள் திடமாக இருப்பதாகவே ஆரோனுக்குப் பட்டது. அது அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

"ஹாரன் அடிச்சீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"அடிக்கல சார்."

அதிகாரி ஜெரோமின் வாக்குமூலத்தை வாசித்தார். ஹாரன் விடாமல் அடித்தது என்று அதில் இருந்தது. "பிரெண்டுக்காக சொல்றாரு சார்!" என்று சாலமன் எழுந்தான். அதிகாரி கையமர்த்திவிட்டு, "அன்னைக்கு அதே இடத்துல லைன் வேலை பார்த்துட்டிருந்த கேங்மேன் ஒருத்தர் வந்திருக்காரு. ஓட்டுநரை இவருக்கு முன்னப்பின்ன தெரியாது" என்று சொல்லி, வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டார்.

பெயர் சின்னப்பன். ஆரஞ்சு நிறச் சட்டையோடு வந்து ஓரமாக நின்றார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிற அவசரம் அவருக்கு.

"ஆரன் அடிச்சுகினேதான் சார் வந்துது வண்டி. நாங்கள்ளாம் ஒதுங்கிட்டோம். நான்கூட, ஏம்மா, வண்டி வருது, நவுருன்னு கத்துனேன். அந்தப் பொண்ணு என்னைப் பாத்துச்சு. அப்பால வண்டியைப் பாத்துச்சு. அப்படியே நின்னுச்சு." அவர் நிறுத்தி, அங்கே உட்கார்ந்திருப்பவள் யாரென்று அப்போதுதான் புரிந்தவராகத் தலையைக் குனிந்துகொண்டார். "அவ்ளோதான் சார்."

ஆரோன் செல்லம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. ஆனால் அவள் அவனைத்தான் கூப்பிட்டாள்.

"தம்பி."

இதற்குமுன் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நீ சொல்லு. திரும்பிப் பாத்தாளா?"

சாலமன் "அம்மா, வா போலாம்" என்று அவள் தோளைப் பிடித்தான். அவள் அசையவில்லை. ஆரோன் வாயைத் திறந்தான். இன்னொரு பொய்க்கு இடமே இல்லை. அந்த ஆரஞ்சுச் சட்டைக்காரர் இன்னும் அங்கேதான் நின்றிருந்தார்.

"பாத்தாங்கம்மா."

"அப்போ அவளுக்குக் கேட்டுது" என்றாள் செல்லம்மா. தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் இன்னொரு தடவை சொன்னாள். "கேட்டுது."

பிறகு ஆரோனிடம் கேட்டாள். குரலில் கோபமில்லை. "ஏன் என்னாண்ட வந்து அடிக்கலன்னு சொன்ன? நானா உன்னை வரச் சொன்னேன்? உன்னைத் திட்டிகினு, சாபம் வுட்டுகினு, ஒரு மாதிரியா உசுரோட இருந்தேனே. தெனம் காலையில எழுந்து மொதல்ல உன்னைத்தான் திட்டுவேன். இனிமே யாரைத் திட்டறது நான்? அவளையா?"

மேஜைமேல் அதிகாரியின் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. ஆரோன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சாலமன் அம்மாவைத் தூக்கி நிறுத்தினான். போகும்போது அவளுடைய கைப்பை கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட அவள் குனியவில்லை. சின்னப்பன்தான் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

ஆரோன் மேல் தவறில்லை என்று தீர்ப்பானது. விசாரணையில் உண்மைக்கு மாறாகச் சொன்னதற்கு மன உளைச்சலைக் காரணம் காட்டி எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். டாக்டர் சோதித்து, தகுதி இருக்கிறது என்று எழுதினார். வேறு வேலை கேட்டுப் பார்த்தான். ஆள் பற்றாக்குறை, இப்போதைக்கு முடியாது என்றார்கள். மறுபடி வண்டி ஏறினான்.

தத்துவ வகுப்பு அதற்குள் தேய்ந்துபோயிருந்தது. ஐ.டி. பையன்கள் நின்றுவிட்டார்கள். மாணவிக்குப் பரீட்சை. அந்த ஞாயிறு ஆரோன் போனபோது ஸ்ரீரங்கன் மட்டும் இருந்தார். அவரும் சீக்கிரம் கிளம்பிவிட்டார். தீபலட்சுமி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

"நான்தான் உங்களைப் போகச் சொன்னேன்" என்றாள்.

"நான்தான் பொய் சொன்னேன்."

"உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவங்களுக்கு இதேதான் ஆகியிருக்கும். ஒண்ணுமே சொல்லாம நீங்க போகாமலே இருந்திருந்தா..." அவள் முடிக்கவில்லை. பலகையில் போன வாரம் எழுதியது அழிக்காமல் இருந்தது: கடமை, விளைவு, நற்குணம் என்று மூன்று வார்த்தைகள், அவற்றிலிருந்து கிளம்பும் அம்புக்குறிகள். "சார், நான் இதைப் பதிமூணு வருஷமா படிக்கிறேன். இதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல."

"தெரியும் மேடம்" என்றான் ஆரோன். அவளைக் குத்திச் சொல்லவில்லை. அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து, விளக்கை அணைக்க உதவிவிட்டுப் படியிறங்கினான். கதவைப் பூட்டிவிட்டு வந்தவள், அடுத்த மாதத்திலிருந்து வகுப்பு இல்லை, கல்லூரியிலும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள், ஊருக்குப் போகிறேன் என்றாள். நல்லா இருங்க மேடம் என்றான். அவ்வளவோடு பிரிந்தார்கள்.

சில வாரம் கழித்து, சாலமன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கரணைக்குக் குடிபோய்விட்டான் என்று தெரிந்தது. ரயில் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்துப் போனானாம். ஆரோன் அங்கேயும் போனான். எதற்கென்று அவனுக்கே தெரியாது. மன்னிப்புக் கேட்பதற்கும் அல்ல, ஆறுதல் சொல்வதற்கும் அல்ல. ஜெனியிடம் இந்தத் தடவை சொல்லிவிட்டுத்தான் போனான். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை.

சதுப்பு நிலத்தை ஒட்டிய தெருவில் புதிதாகக் கட்டிய வீடுகள். சாலமன் வாசலிலேயே அவனைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான். மெலிந்திருந்தான். சண்டைக்கு நிற்கிற முகமாக இல்லை.

"எப்படி இருக்காங்க?"

"பேசறதில்ல சார். சோறு வெச்சா துன்றாங்க, இல்லன்னா கேக்கறதில்ல. அக்கா போட்டோவை கழட்டிட்டாங்க. ஏன்னு கேட்டேன். மூஞ்சைத் திருப்பிகினாங்க." அவன் தெருவைப் பார்த்துப் பேசினான். "எனக்கு உங்க மேல கோவம் கிடையாது. நான் புகார் குடுக்காம இருந்திருக்கலாம். நீங்க வராம இருந்திருக்கலாம். அக்கா..." அவன் தலையை ஆட்டிக்கொண்டான். "அக்கா ஏன் அப்படிச் செஞ்சான்னு இன்னிவரைக்கும் தெரியல சார். கடையில கேட்டேன், பிரெண்ட்ஸ்கிட்ட கேட்டேன். போன்ல ஒண்ணுமில்ல. யாருக்கும் ஒண்ணும் தெரியல."

"நான் ஏதாவது..."

"வேணாம் சார். வராதீங்க. அதான் நீங்க செய்ய வேண்டியது."

ஆரோன் தலையசைத்தான். உள்ளே தண்ணீர்க் குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்று கேட்டுவிட்டு நடந்தான்.

பஸ்ஸில் வெகுநேரம் ஆனது. மேடவாக்கம் கூட்டுரோட்டில் தண்ணீர் லாரிகள் வரிசைகட்டி நின்றன, வண்டி நகரவே இல்லை. வீட்டுக்கு வந்தபோது ஜெனி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்தீங்களா?"

"வராதேன்னுட்டாங்க."

அவள் எழுந்து தட்டு வைத்தாள். மறுநாள் காலை அவனுக்குச் செங்கல்பட்டு வண்டி. சாப்பிட்டுவிட்டு, சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டு, சீக்கிரமே படுத்துக்கொண்டான்.